பழுது போட்ட சோறு

பாகான் டாலாமில் வெயில் தாழ்ந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவோம். சிலருக்குப் பென்ஷன் உண்டு, சிலருக்கு வயது மட்டும். ஆளுக்கொரு தே தாரிக். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கோப்பி ஓ கோசோங். அதன் பிறகு அந்தக் காலம் ஆரம்பமாகும்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது. முப்பது வருஷம் பினாங்கு ஃபெரி வரிசையில் லோரியோடு நின்று, அந்த ஃபெரியைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டிய ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பழைய ஃபெரிகள் கார் ஏற்றுவதை நிறுத்தியபோது, அவர்தான் கரையில் நின்று கைபேசியில் படம் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார் வைத்திருந்தவன்கூட அவ்வளவு அழவில்லை.

ஃபெரி முடிந்ததும் பேச்சு புல்டோசருக்கு வரும். "இப்ப வர்றதெல்லாம் தகரம்ணே. அந்தக் காலத்து செயின் வண்டி பழுதே ஆகாது. இரும்புன்னா அது இரும்பு" என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் மெக்கானிக் மகன்; சாட்சி சொல்லத் தகுதி உள்ளவன். நானும் தலையாட்டுவேன்.

என் அப்பா பதினெட்டு வருஷம் ஒரு புல்டோசருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பழுதே ஆகாத வண்டிக்கு அடியில் அவருக்கு என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பா தொழில் கற்ற இடம் பட்டர்வொர்த் விமானத்தளம். 1955-இல் ஆஸ்திரேலிய விமானப்படையின் 2-ஆம் எண் விமானத்தளக் கட்டுமானப் பிரிவு வந்து இறங்கியது. பழைய ஓடுபாதையைப் பிரித்து, ஜெட் விமானம் இறங்குகிற மாதிரி 1958-க்குள் மாற்றிக் கட்டியது. மண் தள்ள, மண் சுரண்ட, மண் அமுக்க என்று வண்டிகள் இருந்தன. அப்பாவுக்குக் கையில் கிரீஸ் துப்பாக்கி. காலையில் ஒவ்வொரு ரோலருக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் பத்து மணிக்கு "ஸ்மோக்கோ" என்று கத்துவார்களாம். முதல் வாரம் அது ஏதோ ஸ்பேர் பார்ட் என்று நினைத்து அப்பா ஸ்டோரில் போய்க் கேட்டார். தேத்தண்ணி இடைவேளைக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பேர் என்று ஸ்டோர்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லையும், டீசல் எஞ்சினைப் பற்றிய அறிவையும், இன்னும் சில கெட்ட வார்த்தைகளையும் அங்கிருந்து அப்பா கொண்டுவந்தார். மூன்றும் சாகும்வரை அவருக்கு உதவின.

அந்தக் கட்டுமானப் பிரிவு போனபிறகு, காடு வெட்டிக் கொடுக்கும் ஒரு சீனத் தவ்கேயிடம், அதாவது முதலாளியிடம், சேர்ந்தார். தவ்கேயின் சொத்து ஒரு செயின் வண்டி. போர் முடிந்த கையோடு செய்தது. தவ்கே கைக்கு வரும்போது மூன்றாவது கையோ நாலாவது கையோ. கம்பெனிப் பெயர் வேண்டாம். செத்த மாட்டின் சுழியைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

அந்தக் காலத்து டீசல் எஞ்சினைக் கிளப்புவதே ஒரு பிரச்சினை. காற்றை அமுக்கி அமுக்கிச் சூடாக்கித்தான் டீசல் பற்றும். அத்தனை அமுக்கத்தை எதிர்த்து எஞ்சினைச் சுற்றும் அளவுக்குப் பேட்டரிக்குத் தெம்பு கிடையாது. அதனால் ஆளுக்கொரு உபாயம் செய்தார்கள். 1931-இல் கேட்டர்பில்லர் முதல் டீசல் வண்டியைப் போட்டபோது, பெரிய எஞ்சினைச் சுற்றிவிட ஒரு குட்டிப் பெட்ரோல் எஞ்சினைப் பக்கத்தில் ஒட்டவைத்தது. ரஷ்யர்களும் பின்னால் தங்கள் டிராக்டர்களில் இந்த வழியைப் பிடித்தார்கள். இன்டர்நேஷனல் வேறு தினுசு: அதே எஞ்சின் முதலில் பெட்ரோலில் கிளம்பும், சூடானதும் டீசலுக்கு மாறும். ஒரே சட்டியில் பாயசமும் ரசமும் வைக்கிற வேலை. சட்டி விரிசல் விட்டதில், அதாவது சிலிண்டர் ஹெட் வெடித்ததில், ஆச்சரியமில்லை.

எங்கள் வண்டி குட்டி எஞ்சின் வகை. யானையை எழுப்ப வேண்டுமானால் முதலில் பாகனை எழுப்ப வேண்டும். பாகனை எழுப்ப ஒரு கயிறு.

காலை ஆறே காலுக்கு அந்தச் சடங்கு தொடங்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க. அப்பா பெட்ரோல் குழாயைத் திறப்பார். குட்டி எஞ்சினின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பார். கயிற்று நுனியை ஒருபோதும் கையில் சுற்றக் கூடாது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். நாலு இழுப்பில் கிளம்பினால் அன்றைக்கு அப்பாவுக்கு நல்ல நாள். பத்து இழுப்பு ஆனால் அம்மாவுக்குக் கெட்ட நாள்.

பாகன் எழுந்தபிறகு யானை. பெரிய எஞ்சினின் அமுக்கத்தைத் திறந்துவிடும் கம்பியைத் தள்ளி, சின்னப் பல்சக்கரத்தைப் பெரிய சக்கரத்தில் கோத்து, குட்டியின் கிளச்சை மெல்ல விட்டால், பெரியது பெருமூச்சு விட்டபடி சுற்றும். உடனே டீசல் திறந்துவிடக் கூடாது. குட்டியின் புகை பெரியதன் காற்றுக்குழாயைச் சூடாக்கும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஓடும். கைவைத்துப் பார்த்து, சூடு ஏறியபிறகு கம்பியை மாற்றி டீசலைத் திறந்தால் முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, அப்புறம் 'டொப்... டொப்... டொப்'. தோட்டத்து நாய்கள் எல்லாம் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால் கால் மணி நேரம். எல்லாம் சரியாக நடந்த காலைகள் எனக்கு அதிகம் நினைவில்லை.

குட்டி எஞ்சினுக்கு ஊற்றிய பெட்ரோல் இரவோடு இரவாக யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பட்டணம் போயிருக்கும். அல்லது முதல் நாள் பெட்ரோல் குழாயை மூட மறந்திருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் மேக்னெட்டோ. குட்டி எஞ்சினுக்குப் பேட்டரி கிடையாது. பொறி கொடுப்பது இந்த மேக்னெட்டோதான். இரண்டு கைக்குள் அடங்கும், கனமான கறுப்புப் பெட்டி. பினாங்கு மழை அதற்கு ஆகாது. ஈரம் ஏறிவிட்டால் பொறி வராது. பொறி வராவிட்டால் பாகன் எழமாட்டான். பாகன் எழாவிட்டால் யானை வெறும் இரும்பு.

அதற்கு மருந்து எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா மேக்னெட்டோவைக் கழற்றிக் கோணிச் சாக்கில் சுற்றி, நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குக் கொண்டுவருவார். அம்மாவின் விறகடுப்புக்குப் பின்னால் ஒரு மேடை உண்டு. கருவாடு காய்கிற இடம். கருவாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேக்னெட்டோ உட்காரும். நெருப்புப் படக் கூடாது, அனல் மட்டும் படவேண்டும். அம்மா ரொட்டி சுடும்போது ஒரு கண் ரொட்டியிலும் ஒரு கண் மேக்னெட்டோவிலும் வைத்திருப்பாள். "எம்பிள்ளைங்களுக்குச் சளி புடிச்சா இந்த மனுசன் இப்படி அனல் காட்டுனதில்ல" என்பாள். மத்தியானம் வண்டி கிளம்பும்போது அதன் புகையில் லேசாகக் கருவாட்டு வாசனை இருக்கும் என்று அப்பா சத்தியம் செய்வார்.

டீசலிலும் தண்ணீர். 44 கேலன் பீப்பாயை நிமிர்த்தி வைத்தால் மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும். ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது மூடி இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பீப்பாயைப் படுக்கவைத்தால் தீர்ந்தது விஷயம். தவ்கேயிடம் அப்பா இதை வருஷத்துக்கு இரண்டு தரம் சொல்வார். படுக்கவைத்தால் இடம் அடைக்கும் என்று தவ்கே வருஷத்துக்கு இரண்டு தரம் பதில் சொல்வார். அப்பா பழைய வேட்டியை நாலாக மடித்து டீசலை வடிகட்டுவார். வேட்டியில் தண்ணீர் நின்றால் பம்பு பிழைத்தது. நிற்காமல் உள்ளே போனால் பம்பின் உள்ளுறுப்பு இறுகிப்போய் ஒரு வாரம் வேலை.

திரும்புகிற விஷயம் தனிக் கதை. செயின் வண்டிக்குச் சுக்கான் வட்டம் கிடையாது. இரண்டு கம்பிகள். இடது கம்பியை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் விசை அறும். வலது செயின் மட்டும் ஓடி வண்டி இடது பக்கம் திரும்பும். விசையை அறுக்கும் அந்தக் கிளச் தட்டுகள் உலர்ந்தே இருக்க வேண்டும். பக்கத்துச் சீல் ஒழுகி எண்ணெய் பட்டால் வழுக்கும். அப்போது உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி வடிக்க வேண்டும். ஈரத்தில் சும்மா நிறுத்தினால் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது கம்பியை இழுத்துக் கயிற்றால் கட்டி, பிளேடை ஓர் அடிமரத்தில் முட்டவிட்டு, 'டணார்' என்று தட்டுகள் பிரியும்வரை மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு ஐந்து நாள் அடைமழை. ஆறாம் நாள் வண்டி கிளம்பியது, நேராகப் போனது, ரப்பர் மரம் நிற்கும் கித்தாக்காட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் நேராகப் போய்க் கள்ளுக்கடை வேலியை முட்டிக்கொண்டு நின்றது. "கிளச் ஒட்டிக்கிச்சுண்ணே" என்றார் டிரைவர். மெயின் கிளச்சைத் தள்ளி வண்டியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். எது எதோடு ஒட்டிக்கொண்டது என்று அப்பா விசாரிக்கவில்லை.

கம்பியில் இன்னொரு விசித்திரம் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் இடது கம்பியை மட்டும் இழுத்தால் வண்டி வலது பக்கம் போகும். விசை அறுந்த செயினைப் பிடித்து நிறுத்த எஞ்சின் இல்லை. அது சுதந்திரமாக முந்திக்கொண்டு ஓடும். மூக்கு மறுபக்கம் திரும்பிவிடும். "இறக்கத்துல கைய மாத்திப் புடி" என்பது புது டிரைவருக்கு அப்பா சொல்லும் முதல் பாடம். மேட்டில் கற்றதை இறக்கத்தில் மறக்கத் தெரியாதவர்கள் ஓடையில் இறங்கினார்கள்.

செயினைப் பற்றிச் சொல்லாவிட்டால் செயின் கோபித்துக்கொள்ளும். ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் பின்னும், அது சுற்றும் புஷ்ஷும் மணலில் தேயத் தேயச் செயின் நீளும். நீண்ட செயின் சேற்றில் திரும்பும்போது கழன்று விழும். பத்து ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. மாஸ்டர் பின்னைச் சம்மட்டியால் அடித்து எடுத்து, கடப்பாரையால் நெம்பி, வண்டியையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மறுபடி ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போதுதான் அப்பாவின் இடது கைச் சுண்டுவிரல் நுனி போனது.

தேய்மானம் பின்னின் ஒரு பக்கத்தில்தான் விழும். அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். அதே செயினுக்கு இன்னோர் ஆயுசு. பிரஸ் வைத்திருக்கும் பட்டர்வொர்த் பட்டறை ஒன்றில் இதைச் செய்வார்கள். தவ்கேக்கு இந்த யுக்தி மிகவும் பிடித்துப்போய், திருப்பியதை மறுபடியும் திருப்ப முடியாதா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

இவ்வளவையும் சொல்வது வண்டியைக் குறை சொல்ல அல்ல. எங்கள் வீட்டுக்கு அரிசி போட்டது வண்டி இல்லை, வண்டியின் பழுது. வண்டி ஓடுகிற நாளில் அப்பாவுக்கு வெறும் நாட்கூலி. படுத்துக்கொண்டால் ஓவர்டைம், இரவு வேலை, சில சமயம் கைமேல் ஐந்து வெள்ளி. ஸ்டியரிங் கிளச் எங்களுக்குத் தீபாவளித் துணி. டீசல் பம்பு, தங்கைக்குக் காது குத்து. கடைசிச் சக்கரத்துச் சீல் ஒழுகிய வருஷம் அக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தச் சீலுக்கு நாங்கள் பத்திரிகை வைத்திருக்க வேண்டும். அம்மா வெள்ளிக்கிழமை மாரியம்மனிடம் என்ன வேண்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று மட்டும் வேண்டியிருக்க மாட்டாள்.

பெரிய பெரிய அரசாங்கங்களே இந்த வண்டிகளிடம் பட்டிருக்கின்றன என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1947-இல் பிரிட்டிஷ் அரசு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவில் காட்டை அழித்து நிலக்கடலை போடக் கிளம்பியது. போரில் மிஞ்சிப் பிலிப்பைன்ஸில் கிடந்த டிராக்டர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஷெர்மன் டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றினார்கள். மழையில் கிடந்து நைந்த வண்டிகள் காட்டு வேருக்குமுன் படுத்துக்கொண்டன. 1951-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். சுதந்திர இந்தியாவும் 1947-இல் மத்திய டிராக்டர் அமைப்பு என்று ஒன்றைத் தொடங்கி, அமெரிக்க ராணுவம் விட்டுப்போன வண்டிகளைக் கொண்டு மத்திய இந்தியாவில் காசப்புல் மண்டிய நிலத்தை உழ ஆரம்பித்தது. பிறகு புது வண்டி வாங்க 1949-இல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் வாங்க வேண்டிவந்தது. அங்கெல்லாம் விறகடுப்பு மேடையும் அம்மாவும் இருந்திருந்தால் சரித்திரம் கொஞ்சம் மாறியிருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

வண்டி என்ன வேலை செய்தது என்று சொல்லவில்லையே. கித்தா மரம் தள்ளியது. முப்பது வருஷம் பால் கொடுத்த மரத்தைப் பிளேடால் நெஞ்சில் முட்டி, வேரோடு சாய்த்து வரிசைப்படுத்தும். அந்த மரம் வீணாகவில்லை. பிறையில் ஜப்பானிய யவாத்தா நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய மலாயாவத்தா இரும்பாலை 1967-இல் உலை மூட்டியது. அதற்கு எரிபொருள் கித்தா மரக் கரி. தாத்தா சீவிய மரத்தை அப்பாவின் வண்டி தள்ளியது. அது கரியாகி இரும்பு உருக்கியது. அந்த இரும்புக் கம்பியில் எழுந்த வீடுகளுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் வாடகை கொடுத்தார்கள். எதுவும் வீணாகாத காலம் அது.

அப்புறம் தோட்டமே இறக்கத்தில் போக ஆரம்பித்தது. கித்தா விலை சரிந்தது. செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் அத்தனை ஆள் தேவைப்படவில்லை. எங்கள் தோட்டம் கைமாறிக் கைமாறி, வீடு கட்டுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தது. சம்பளம் உயர வேண்டும் என்று இந்தப் பக்கம் இழுத்தார்கள். தோட்டம் வேலையே இல்லாத பக்கம் போய் நின்றது. இறக்கத்தில் கையை மாற்றிப் பிடிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரத் தெரிந்த ஒரே ஆள் வண்டிக்கு அடியில் இருந்தார்.

1974. லயத்தைத் தள்ளும் வேலை தவ்கேக்குத்தான் கிடைத்தது. முக்கால்வாசிப் பேர் சாமானைக் கட்டிவிட்டார்கள். சிலர் போகமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஆறே காலுக்கு அப்பா கயிற்றை இழுத்தார். ஐந்து, பத்து, பதினைந்து. பாகன் எழவில்லை. இரவெல்லாம் மழை.

ஆட்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரே பரபரப்பு. "ஆத்தா தடுத்துட்டா" என்று ஒரு பாட்டி வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். அதுவரை பழுதாகும்போதெல்லாம் திட்டு வாங்கிய வண்டிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை தேங்காய் உடைத்தார்கள். பஞ்சாயத்துப் பேசப் போனவர்கள் வரும்வரை ஒரு மூன்று நாள் நின்றால் போதும் என்று பெரியவர்கள் அப்பாவைச் சுற்றி நின்று சாடையாகச் சொன்னார்கள். மூன்று நாள் என்பது அப்பாவுக்குச் சிரமமே இல்லை. பம்பு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவ்கேக்குப் பம்பும் தெரியாது, பாயசமும் தெரியாது.

அப்பா மேக்னெட்டோவைக் கழற்றினார். சாக்கில் சுற்றினார். வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சட்டி பானையெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. அடுப்பு மட்டும் இருந்தது. அதைக் கட்டி எடுத்துப்போக முடியாதே. அம்மா அதையும் மேக்னெட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கும் நானா மூட்டணும்?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து விறகு வைத்தாள். ஈர விறகு, புகைந்தது. அந்தப் புகைக்குத்தான் அவள் கண்ணைத் துடைத்தாள் என்று அக்காள் இன்றைக்கும் சொல்கிறாள். பத்தரைக்கு வண்டி கிளம்பியது, நாலே இழுப்பில். பதினொன்றேகாலுக்கு எங்கள் வரிசைக்கு வந்தது. அடுப்பு மேடை அப்போதும் சூடாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் கிளப்பிவிட்டார் என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "நா கிளப்பலேன்னா தவ்கே வேற வண்டி கொண்டாருவான். அதுக்கு வேற மெக்கானிக் வருவான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்த மூதேவி வேணும்ங்கறப்பல்லாம் காலை வாரிச்சு. அன்னிக்குப் பாத்து நாலு இழுப்புல வந்துச்சு" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து வண்டி பழைய இரும்புக்குப் போனது. எடை போடுவதற்கு முன் அப்பா மேக்னெட்டோவை மட்டும் கழற்றிக்கொண்டார், தவ்கேயும் கண்டுகொள்ளவில்லை. அப்போது அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. இடது காது முழுக்கப் போயிருந்தது. புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே காலம் தள்ளிய காது.

இப்போது நாங்கள் பாகான் டாலாமில் அடுக்குமாடியில் இருக்கிறோம். நடைபாதையில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களும், கடலுக்கு அந்தப் பக்கம் கொம்தார் கோபுரமும் தெரியும். அக்காள் மகன் கனரக வண்டிகளுக்கு டெக்னீஷியன். சுத்தமான சட்டை, மடிக்கணினி, கையில் ஒரு பொட்டுக் கிரீஸ் கிடையாது. தாத்தாவுக்கு மூன்று சோப்புக் கட்டியால் போகாதது இவனுக்கு ஒட்டவே இல்லை.

இன்றைய செயின் வண்டியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடும். செயினுக்குள்ளேயே எண்ணெய் அடைத்து வருகிறது. கிளச் எண்ணெயில் குளிக்கிறது, துருப்பிடிக்க வழியில்லை. டிரைவருக்குக் குளிர்சாதன அறை, காதுக்கும் சேதமில்லை. கொமாட்சு 2001 வாக்கிலேயே வண்டிக்குள் ஒரு கருவியை வைத்தது. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி சும்மா உறுமிக்கொண்டு நின்றது என்பதையெல்லாம் அது செயற்கைக்கோள் வழியாக ஆபீசுக்குச் சொல்லிவிடும். மற்றவர்களும் செய்தார்கள். அந்தக் காலத்தில் வண்டி கள்ளுக்கடைக்குப் போனால் டிரைவரும் மெக்கானிக்கும் மட்டும் அறிவார்கள். இப்போது வண்டியே கோள் சொல்கிறது.

போன மாதம் பத்து காவான் பக்கம் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று அக்காள் மகன் போனான். எலி வயரைக் கடித்திருக்கிறது. மடிக்கணினியைச் செருகியதும் எந்த வயர் என்று அதுவே காட்டிவிட்டது. ஆனாலும் முழு வயர்க்கட்டும் வந்து சேரும்வரை இரண்டு நாள் வண்டி நின்றது.

"ரெண்டு நுனியையும் முறுக்கி டேப்பு சுத்தினா ஓடாதா?" என்றேன்.

"ஓடும் மாமா. வாரண்டி ஓடிரும்."

ஆறாயிரம் மணி நேரம் எஞ்சினைத் திறக்காமலே ஓடிய வண்டியாம் அது. அப்பாவின் வண்டி அறுநூறு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓடியிருந்தால் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். இவனுக்கு அந்தக் கவலை இல்லை. மாதச் சம்பளம், வண்டி ஓடினாலும் நின்றாலும். புது வண்டி எல்லா விதத்திலும் மேல் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், அவருடைய காது நன்றாக இருந்து யாராவது சொல்லியிருந்தால்.

மேக்னெட்டோ எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, பேரப்பிள்ளைகளின் கோப்பைகளுக்குப் பக்கத்தில், அப்பாவின் படத்துக்குக் கீழே. போன ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்த அக்காள் மகன் அதைக் கையில் எடுத்தான்.

"இதென்ன மாமா, தாத்தா சாமானா? பேட்டரி எங்க?"

"பேட்டரி கிடையாது. அதுவே பொறி போடும்."

அவன் நம்பவில்லை. வயர் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அச்சைத் திருகினான். உள்ளே ஏதோ சுருண்டு, இறுகி, 'டக்' என்று விட்டது. பையன் "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு நாற்காலியில் விழுந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விறகடுப்பு இல்லை, அனல் இல்லை. ஐம்பது வருஷமாக அதை யாரும் துடைக்கவும் இல்லை. முதல் திருகிலேயே பொறி.

கையைத் தேய்த்துக்கொண்டே அவன் சிரித்தான். கண்ணில் அவ்வளவு மரியாதை.

"யம்மா! இன்னும் வேலை செய்யுது பாருங்க மாமா! அந்தக் காலத்துச் சாமான்னா இதான். தாத்தா வண்டியெல்லாம் பழுதே ஆயிருக்காது, இல்ல?"

நிமிர்ந்து அப்பாவின் படத்தைப் பார்த்தேன். ஸ்டூடியோவில் எடுத்த படம்; சுண்டுவிரலை மறைத்து மற்ற கையை மேலே வைத்திருப்பார்.

"ஆகவே ஆகாது" என்றேன்.